இமையாவின் குப்பைப் பட்டியல்

"ஒண்ணும் இல்லன்னா, ஒண்ணும் இல்லன்னே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க மேடம்" என்றாள் அந்தப் பெண். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

வள்ளியூர் தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவில் இருக்கும் எங்கள் மையத்துக்கு யாரும் இப்படி வந்து நின்றதில்லை. பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், கருந்துளையைக் காட்டச் சொல்வார்கள், மிட்டாய் வாங்கிக்கொண்டு போவார்கள். இவள் தூத்துக்குடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, வாசலில் காவலரோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு என் அறையில் உட்கார்ந்திருந்தாள். பெயர் ஜெமிலா. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஆஸ்பத்திரிக் காகிதங்கள்.

நான் மங்கையர்க்கரசி. மையத்தில் எல்லாருக்கும் அரசி மேடம். இமையா என்ற செயற்கைக்கோள் அனுப்பும் தரவுகளுக்கு நான்தான் பொறுப்பு. காமாக் கதிர் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். இமையா அறுநூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, வானத்தில் எந்த விண்மீன் வெடித்தாலும், எந்தக் கருந்துளை பொங்கினாலும் பார்த்துவிடும். அது தரும் கதிர் மூலங்களின் பட்டியல்தான் உலகத்திலேயே சுத்தமானது. தூசி தும்பு இருக்காது. அந்தச் சுத்தத்துக்கு நான் காரணம் என்று அப்போதெல்லாம் மேடையில் ஏறிச் சொல்லிக்கொள்வேன்.

"உங்களுக்கு என்னதான்மா வேணும்? முதல்லேருந்து சொல்லுங்க" என்றேன்.

"எங்க வீட்டுக்காரர் அருளப்பன். விண்சுடர் கம்பெனியில வெல்டர். ரெண்டு தடவ மேல போய்ட்டு வந்தாவ. ஜூன்ல எறந்துட்டாவ. ரத்தப் புத்து."

விண்சுடரைத் தெரியாதவர்கள் இல்லை. விண்வெளியில் ஓடும் கணினிக் கிடங்குகளுக்கு மின்சாரம் விற்கும் நிறுவனம். ஒவ்வொரு மின்நிலையத்துக்குள்ளும் சின்னதாக ஓர் அணு உலை. வெல்டர்கள் ஒரு காலத்தில் வளைகுடாவுக்குப் போனார்கள். இப்போது ஆறு மாத ஒப்பந்தத்தில் சுற்றுப்பாதைக்குப் போகிறார்கள். தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று வேன் வைத்து ஆள் பிடிக்கிறார்கள்.

"கம்பெனி என்ன சொல்லுது?"

"பேட்ஜ்ல ஒண்ணும் ஏறலங்கான். நெஞ்சுல குத்திக்கிடுவாவல்லா, எவ்வளவு கதிர் பட்டுதுன்னு காட்டுத பேட்ஜ். அது சுத்தமா இருக்காம். சிகரெட்டு குடிச்சாரான்னு கேக்கான் மேடம். அவிய வெத்தல கூடப் போட மாட்டாவ."

"பேட்ஜ் பொய் சொல்லாதேம்மா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பேட்ஜ் லாக்கர்ல கெடந்தா என்னத்தச் சொல்லும்? அது நெறஞ்சிட்டுன்னா மறுநாளே ஊருக்கு ஏத்தி விட்டுருவானுவ. மறுபடி ஒப்பந்தம் கெடைக்காது. அதனால உலைப்பக்கம் வேலைக்குப் போகையில எல்லாரும் கழட்டி லாக்கர்ல வச்சிட்டுத்தான் போவாவ. சூப்பர்வைசருக்குத் தெரியாதாக்கும்? அவன்தான் லாக்கர் சாவியே குடுக்கான்."

இது கேள்விப்படாத கதையில்லை. ஆனால் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து ஒருத்தி சொல்லிக் கேட்பது வேறு. அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். கேட்ட தொனி எனக்கே பிடிக்கவில்லை.

"அவிய ஞாயித்துக்கெழம போன் பண்ணும்போது சொல்லுவாவ. வெளிய வேலை பாக்கையில தெனமும் நாலு தடவ ஒரு பெட்டி பக்கத்துல கடந்து போகும், வெள்ளையா மின்னும், அது கதிரப் பாக்குத பெட்டி, வள்ளியூர்க்காரங்களோடதுன்னு. 'நம்மூர்ப் பெட்டி ஜெமிலா, பாத்துக்கிட்டே போகுது'ன்னு சிரிப்பாவ." அவள் உறையைப் பிரித்து ஒரு தாளை எடுத்தாள். அருளப்பன் வேலை பார்த்த நாட்கள், இடம். இடம் என்ற கட்டத்தில் எல்லா வரியிலும் சுடர்-4. "அவுங்க பேட்ஜ் பாக்கல. உங்க பெட்டி பாத்திருக்கும்லா? அதக் கேக்கத்தான் வந்தேன்."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனாலும் பொறுமையாகச் சொன்னேன்: இமையா பார்ப்பது விண்மீன்களை. பட்டியலைத் திறந்து காட்டினேன். இதோ பாருங்கள், சுடர்-4 என்ற பெயரிலோ அதன் பாதையிலோ ஒரு மூலமும் கிடையாது. ஒன்றும் இல்லை.

எழுதித் தரச் சொன்னது எதற்காக என்று அப்போதுதான் சொன்னாள்.

"சரின்னு போயிருவேன் மேடம். ஆனா எனக்க தம்பி மிக்கேல் இப்ப மேல இருக்கான். வர்ற வெள்ளிக்கெழம மத்தியானம் அந்தச் சுடர்-4 உலை அறைக்குள்ள எறங்குதான், இன்னும் அஞ்சு பேரோட. ஏதோ பைப்பு ஒட்டணுமாம். போன ஞாயித்துக்கெழம சொன்னான். நான் போகாதடான்னு அழுதேன். 'வள்ளியூர்க்காரங்ககிட்ட கேளுக்கா, அவுங்க ஒண்ணுமில்லன்னா நான் போறேன், இருக்குன்னா போகல'ன்னுட்டான். அதான், எழுதிக் குடுங்க."

நான் எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டியல் என்பது சலித்தெடுத்த மாவு. கையெழுத்துப் போடுவதற்கு முன் சலிக்காத தரவை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அருளப்பன் வேலை பார்த்த நாட்களில் ஒன்றைத் திறந்தேன்.

பார்த்தவுடன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு நாளைத் திறந்தேன். பிறகு இன்னொன்று. இமையாவும் சுடர்-4உம் நெருங்கும் ஒவ்வொரு முறையும், ஒரு நாளைக்கு நான்கு தடவை, எண்ணிக்கை செங்குத்தாக ஏறி இறங்கியிருந்தது. போன வருடம் மார்ச் வரை சின்ன மேடு. எந்த உலையிலும் அவ்வளவு இருக்கும். மார்ச்சில் நான்கு மடங்கு. மே மாதத்தில் பதினைந்து. இப்போது, செப்டம்பரில், அது வானத்திலேயே மிகப் பிரகாசமான காமா மூலம். பதினெட்டு மாதமாக உலையின் உறை பிளந்து கசிந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நின்று மனிதர்கள் பற்றவைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"என்ன மேடம்?"

"இருக்கு" என்றேன். "நிறைய இருக்கு."

அவள் அழவில்லை. "அப்பம் பட்டியல்ல ஏன் இல்ல?"

சொல்லித்தானே ஆக வேண்டும். "ஒரு வடிகட்டி வச்சிருக்கோம்மா. விண்மீன் நகராது. நகர்ற எதுவும் விண்மீன் இல்ல. நாம மேல ஏத்தின இரும்பு. அது வந்து பட்டியல அழுக்காக்கும். அதனால நகர்றது எல்லாத்தையும் குப்பைன்னு தூக்கி ஒரு ஓரமாப் போட்டுரும்."

"மனுசன் இருக்க எடமெல்லாம் நகரத்தானே செய்யும்?"

அந்த வடிகட்டியை எழுதியவள் நான். பதினோரு வருடத்துக்கு முன்னால். விருதுகூடக் கொடுத்தார்கள், அலமாரியில் இருக்கிறது.

மையத்தின் தாளில் எழுதினேன். சுடர்-4 இருக்கும் திசையிலிருந்து ஆபத்தான அளவில் காமாக் கதிர் வருகிறது, போன வருடம் மார்ச் முதல் கூடிக்கொண்டே போகிறது, ஆட்கள் நெருங்கக் கூடாது. கையெழுத்து, முத்திரை, தேதி. ஜெமிலா தாளை இரண்டாக மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டாள். மிக்கேலை ஞாயிற்றுக்கிழமைக்கு முன் போனில் பிடிக்க முடியாது, கம்பெனி லைன் மட்டும்தான், அதனால் நேராகத் தூத்துக்குடி ஆபீஸுக்கே போய்க் காட்டுகிறேன் என்று கிளம்பினாள்.

அது செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை காலை இயக்குநர் சதானந்தன் கூப்பிட்டார். உள்ளே போனதும் என் கடிதத்தின் நகல் அவர் மேசையில் கிடந்தது.

"என்ன அரசி இது? யாரைக் கேட்டு எழுதுனீங்க?"

"தரவைக் கேட்டு எழுதினேன் சார்."

"விண்சுடர் ஆபீஸ்ல அந்தம்மா இதை நீட்டியிருக்காங்க. அவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? நம்ம பட்டியலைத் திறந்து காட்டியிருக்காங்க. 'பாருங்கம்மா, அவங்க பட்டியல்லயே ஒண்ணும் இல்ல, உலகமே நம்புற பட்டியல்'னு. இப்ப நமக்குத்தான் கேவலம்."

என் வடிகட்டியை வைத்தே அவள் வாயை அடைத்திருக்கிறார்கள்!

"அப்ப பட்டியலத் திருத்துவோம். இன்னைக்கே."

"கட்டுரையா எழுதுங்க. மத்த விஞ்ஞானிகளோட மதிப்புரை வாங்குவோம். ஆறு மாசம் ஆகும். முறைப்படி போவோம்."

"வெள்ளிக்கிழமை ஆறு பேர் அதுக்குள்ள இறங்குறாங்க சார்!"

"அது அவங்க பாதுகாப்புப் பிரிவோட வேலை. நாம விண்மீன் பாக்குறவங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சதானந்தன் கெட்டவர் இல்லை; கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். "யோசிச்சுப் பாருங்க. இமையா நம்மகிட்டப் பேசுறதே அவங்க ரிலே செயற்கைக்கோள் வழியா. நாளைக்கு அவங்க இல்லன்னு சொன்னா இமையா ஊமை. அதைவிடுங்க. உங்க வடிகட்டி தப்புன்னு நீங்களே சொன்னா, பதினோரு வருஷப் பட்டியலையும் எவனும் நம்ப மாட்டான். நானூறு பேர் அத வச்சு முனைவர் பட்டம் வாங்கியிருக்காங்க. உங்க பேருதான் போகும்."

போகட்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றைக்கும் என்னை நானே காறித் துப்பிக்கொள்கிறேன்.

அன்றும் வியாழனும் போனும் கையுமாகவே இருந்தேன். விண்சுடரின் பாதுகாப்புப் பிரிவு என்னை ஏழு பேரிடம் மாற்றிவிட்டது. ஏழாவது ஆள் மறுபடி முதல் ஆளிடமே மாற்றினார். அணுசக்திக் கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து உடனே பதில் வந்தது: தங்கள் புகார் பெறப்பட்டது, பதினைந்து வேலை நாட்களில் பரிசீலிக்கப்படும். பத்திரிகைக்காரர் ஒருவர் நிதானமாகக் கேட்டார், பிறகு, "ஆனா உங்க பட்டியல்ல இல்லையே மேடம்?" என்றார். போனை வைத்துவிட்டேன். பட்டியல், பட்டியல், பட்டியல்! நானே கட்டி நானே பூட்டிய கதவு. தட்டினால் எனக்கே திறக்கவில்லை.

வியாழன் சாயங்காலம் ஜெமிலாவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா" என்றாள். மேடம் இல்லை. "கம்பெனிக்காரன் உங்க தாள வாங்கிப் பாத்துட்டு, இது செல்லாதுன்னுட்டான். ஏதாவது வழி இருக்கா அக்கா? நான் பிச்சையா கேக்கேன்."

"பிச்சையெல்லாம் கேக்காதீங்க. எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்றேன். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறுங்க."

வழி இருந்தது. புதன்கிழமையே எனக்குத் தெரியும். தெரிந்தும் சுற்றிச் சுற்றி வந்தேன், என் பெயருக்குச் சேதமில்லாத வழி ஒன்று கிடைக்குமா என்று.

எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. செயற்கைக்கோள் வானத்தில் புதிதாக ஒரு வெடிப்பைப் பார்த்தால், யாரிடமும் அனுமதி கேட்காது. சில நொடிகளில் உலகத்தில் இருக்கும் எல்லா தொலைநோக்கிகளுக்கும், 'இந்தத் திசையில் பாருங்கள்' என்று தானே தகவல் அனுப்பிவிடும். முன்பு எங்கோ ஓர் இயக்குநர், தானே முதலில் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள ஒரு வெடிப்பை மூன்று நாள் மறைத்து வைத்தாராம். அதற்குப் பிறகு மனிதன் கையே படாதபடி செய்துவிட்டார்கள். கதிர் அளவு எல்லை தாண்டினால் இன்னொன்றும் நடக்கும். சூரியப் புயலுக்காகப் போட்ட விதி அது: மனிதர்கள் இருக்கும் எல்லா விண்கலங்களிலும் அலாரம் அடிக்கும், எல்லாரும் தடித்த சுவருள்ள பதுங்கு அறைக்குள் ஓட வேண்டும். போன தகவலை வாபஸ் வாங்கும் அதிகாரம் ஒரே ஆளுக்குத்தான், அன்றைய பணியில் இருக்கும் விஞ்ஞானிக்கு.

சுடர்-4க்காக அலாரம் ஏன் அடிக்கவில்லை? என் வடிகட்டி அதற்கும் முன்னால் நின்றது.

வடிகட்டியை மாற்ற இயக்குநர் கையெழுத்து தேவையில்லை. அது என் பொறுப்பு. வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளி காலை பதினொன்று இருபதுக்குத்தான் இமையாவுக்குக் கட்டளை ஏற்ற முடியும். இந்த வெள்ளிக்கிழமைப் பணியும் என்னுடையது.

கட்டளை அறையில் பேச்சிமுத்து அண்ணன் இருந்தார். முப்பது வருட சர்வீஸ், அடுத்த சித்திரையில் ஓய்வு. நான் நீட்டிய சீட்டைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"மேடம், நூத்தி நாப்பத்தி மூணாவது வரிய எடுக்கச் சொல்லுதிய. அதுதான வடிகட்டியே?"

"ஆமா அண்ணே."

"அத எடுத்தா மேல போற வார ஆணி, நட்டு எல்லாத்துக்கும் இது கத்துமே. ஒரே நாள்ல நம்ம மானம் போயிருமே."

"போகட்டும்." இந்தத் தடவை வார்த்தை வந்துவிட்டது.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ஏற்றினார். இமையா பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தபோது மணி பதினொன்று இருபத்துமூன்று.

இமையா அடுத்து சுடர்-4ஐ நெருங்குவது பன்னிரண்டு நாற்பத்தேழுக்கு. ஒரு மணிக்கு மிக்கேல் குழு உலை அறைக்குள் இறங்க வேண்டும். இடையில் பேச்சிமுத்து அண்ணன் டீ வாங்கி வந்தார். குடிக்க முடியவில்லை. சொன்னபடியே இமையா நாற்பது நிமிடத்தில் பதினோரு வெற்றுத் தகவல்களை உலகத்துக்கு அனுப்பியது. எல்லாம் குப்பை. ஜப்பானிலிருந்து ஒருவர், "உங்கள் கருவிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா?" என்று எழுதினார்.

பன்னிரண்டு நாற்பத்தேழு தாண்டி ஏழாவது நொடியில் திரை முழுக்கச் சிவந்தது. பன்னிரண்டாவது தகவல் போய்விட்டது. கதிர் அளவு அலாரம் அடிக்கும் எல்லையையும் தாண்டியிருந்தது.

ஐந்து நிமிடத்தில் சதானந்தன் மூச்சு வாங்க ஓடி வந்தார். "என்ன செஞ்சீங்க? விண்சுடர் சூப்பர்வைசர் மேலேருந்து லைன்ல இருக்கான். ஆட்கள் பதுங்கு அறைக்குள்ள போயிட்டாங்களாம், வேலை நிக்குது. பொய் அலாரம்னு வாபஸ் வாங்குங்க."

"பொய் இல்லையே சார்."

"அரசி, நான் உத்தரவு போடுறேன்."

"நீங்க போடலாம். வாபஸ் வாங்குற அதிகாரம் பணியில இருக்கிற விஞ்ஞானிக்குத்தான். இன்னைக்குப் பணியில இருக்கிறது நான்."

அவர் கையில் இருந்த போனின் ஒலிபெருக்கி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் சூப்பர்வைசர் யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்: "அது ஏதோ கருவிக் கோளாறு, வெளிய வாங்கலே! ஒப்பந்தம் கான்சல் ஆயிரும்!" அதற்குப் பின்னால், உலோகச் சுவர்களில் மோதி வந்தது இன்னொரு குரல். இளம் குரல், அவசரமே இல்லாமல்: "பொய்யின்னா வள்ளியூர்க்காரங்க சொல்லட்டும். நாங்க கேட்டுட்டு வாரோம்."

சதானந்தன் போனை என் பக்கம் நீட்டினார். "சொல்லுங்க அரசி. ஒரு வார்த்தை."

போனை வாங்கினேன். "நான் மங்கையர்க்கரசி பேசறேன், இமையா மையத்திலிருந்து. மிக்கேல் இருக்கீங்களா? நான் பாத்துட்டேன்பா. இருக்கு. வெளிய வராதீங்க. ஆறு பேரும் வராதீங்க."

அந்தப் பக்கம் ஒரு கனத்த கதவு உள்ளேயிருந்து சாத்தப்படும் ஒலி கேட்டது. சூப்பர்வைசர் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையும் தெரியாத சிலவற்றையும் சொல்லிவிட்டு வைத்தான்.

மிச்சத்தை ஊரே அறியும். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒருவர், "உங்கள் விண்மீன் ஓடுகிறது" என்று எழுதினார். ஓடும் பாதையை சிலியில் ஒரு பெண் கணக்கிட்டு, நான்கு மணிக்கெல்லாம் சுடர்-4 என்று பெயரோடு வெளியிட்டுவிட்டாள். ஆறே முக்காலுக்கு இரண்டாவது தடவை அலாரம் அடித்தபோது மற்ற மூன்று நாட்டு செயற்கைக்கோள்களும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தன. ஆறு பேரும் பதுங்கு அறைக்குள் இருபத்தாறு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஆளில்லாத கலம் ஒன்று போய் உலையின் உறையைப் படமெடுத்தது. விரிசலுக்குள் கையை விடலாம், அவ்வளவு அகலம். குழுவைப் பத்திரமாகக் கீழே இறக்கினார்கள். உடம்பில் பழுதில்லை என்றார்கள். விண்சுடரின் தலைவர் தொலைக்காட்சியில் தோன்றி, தொழிலாளர் நலனே தங்கள் உயிர்மூச்சு என்றார். நான் கையிலிருந்த டம்ளரைச் சுவரில் எறிந்தேன்.

என்னைச் சும்மா விடுவார்களா? விட்டார்கள். விட்டது மட்டுமில்லை, கொண்டாடினார்கள். துணிச்சலான விஞ்ஞானி என்று முதல் பக்கத்தில் படம். சதானந்தன் பக்கத்தில் நின்று போஸ் கொடுத்தார். விசாரணைக் குழு என்னை முதல் சாட்சியாகக் கூப்பிட்டது. அதற்காகத்தான் இமையாவின் பழைய பதிவுகளைத் தேதி வாரியாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

என் வடிகட்டி முட்டாள் இல்லை. அதை மறந்தே போயிருந்தேன். ஒதுக்கிய குப்பையில் ஏதாவது வழக்கத்தைவிடக் கூடினால் அது மாதம் முதல் தேதி எனக்கு ஒரு பட்டியல் அனுப்பும்: இதைச் சரிபார்க்கவா, குப்பையா? இரண்டு பொத்தான்கள். நானே, புத்திசாலித்தனமாக, அப்படித்தான் எழுதியிருந்தேன். அரை நிமிட வேலை. காபி குடித்துக்கொண்டே முடித்துவிடுவேன்.

போன வருடம் ஏப்ரல் ஒன்றாம் தேதி. 'சுடர்-4, நான்கு மடங்கு உயர்வு. சரிபார்க்கவா?' குப்பை. மங்கையர்க்கரசி, காலை 9.12.

மே ஒன்று. குப்பை. 9.05. ஜூன். ஜூலை. இந்த செப்டம்பர் ஒன்று வரை பதினெட்டு தடவை. ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. பதினெட்டும் என் விரல்.

ஜெமிலா முதல் நாள் கொடுத்துவிட்டுப் போன வேலை நாள் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அருளப்பன் இரண்டாவது ஒப்பந்தத்துக்கு மேலே ஏறியது அதே ஏப்ரல் பத்தொன்பது.

பதினெட்டு நாள் இருந்திருக்கிறது. யாரையும் எதிர்க்க வேண்டாம், யார் காலிலும் விழ வேண்டாம், பெயர் கெட வேண்டாம். இந்தப் பொத்தானுக்குப் பதில் அந்தப் பொத்தான். அவ்வளவுதான். நான் அத்தனை நாளும் யார் யார் மேலோ காறித் துப்பிக்கொண்டிருந்தேன்.

ஜெமிலா மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தாள். வந்தாள். இந்தத் தடவை காவலர் எழுந்து நின்று உள்ளே அனுப்பினார். கையில் தூத்துக்குடி மக்ரூன் டப்பா, பெரியது.

"மிக்கேல் வரணும்னுதான் சொன்னான் அக்கா. டாக்டர் இன்னும் ரெண்டு நாள் அலையக் கூடாதுன்னுட்டாவ. வீட்டுல தூங்கிட்டே கெடக்கான். தூங்கட்டும்." சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்க்கிறேன். "அம்மா உங்களுக்காகப் பனிமய மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தா. இந்தாங்க, புதுசாச் சுட்டது. பிள்ளையளுக்குக் குடுங்க."

டப்பாவை மேசையில் வைத்தாள். நான் அதைத் தொடவில்லை. பதிவின் நகலை எடுத்து அவள் பக்கம் தள்ளினேன்.

"இதப் படிச்சிட்டு அப்புறம் பேசலாம், ஜெமிலா."

"என்னதுக்கா இது?"

"குப்பைன்னு ஒதுக்குனத ஒவ்வொரு மாசமும் என்கிட்ட கேக்கும். சரிபாக்கவான்னு கேக்கும். நான் பாக்கல. பாத்திருந்தா அவர் ரெண்டாவது தடவ மேல போறதுக்குப் பதினெட்டு நாள் முந்தியே தெரிஞ்சிருக்கும்."

அவள் விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். ஏப்ரலில் விரல் நின்றது. அங்கேயே நின்றது. வெளியே காற்றாலைகள் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இது வேற யாருக்கும் தெரியுமா?"

"இல்ல. நாளைக்கு விசாரணையில குடுக்கப் போறேன்."

"குடுப்பீங்களா?"

"குடுப்பேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கம்பெனி ஆபீஸில் யார் யாரையோ இப்படித்தான் பார்த்திருப்பாள் என்று எனக்குப் பட்டது. பிறகு மேசையில் இருந்த மையத்தின் தாள் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி என் முன்னால் வைத்தாள். பேனாவையும் எடுத்து மேலே வைத்தாள்.

"இதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க மேடம்" என்றாள்.

எழுதினேன். பதினெட்டு தேதிகளையும் ஒன்று விடாமல் எழுதினேன். முத்திரை வைத்தேன். அவள் வாங்கி, முழுக்கப் படித்து, இரண்டாக மடித்து, முதல் கடிதம் இருந்த அதே உறைக்குள் வைத்துக்கொண்டாள். எழுந்தாள். கதவு வரை போனவள் திரும்பி வந்து, மக்ரூன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.